நான் பாதி சொன்ன பதில்

1) கொஞ்சம் நீளமான திரெட். ஒரு கேள்விக்குப் பாதி பதில் சொல்லிட்டு, மீதியைச் சொல்லாம விட்ட கதை. விட்டது நான்தான். அந்த மீதியை இப்போ எழுதறேன். (நோயாளி யாருன்னு தெரியக்கூடாதுங்கறதால வயசு, தொழில் மாதிரி சில விவரங்களை மாத்தியிருக்கேன்.)

2) ஒரு திங்கட்கிழமை ஓபி. அரசு ஆஸ்பத்திரியில திங்கட்கிழமை ஓபி எப்படி இருக்கும்னு ஒரு தடவை வந்தவங்களுக்கே தெரியும். சீட்டு 180 தாண்டியிருச்சு. முதுகுவலின்னு ஒரு தம்பி வந்தார். 26 வயசு. லோடு ஆட்டோ ஓட்டி, மூட்டையும் தானே இறக்கற ஆள். பாத்து, மாத்திரை எழுதிக் கொடுத்தேன். கதவு வரைக்கும் போனவர் திரும்பி வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"சார், கஞ்சா மாதிரி ஒண்ணு நம்ம உடம்புலயே சுரக்குதாமே? அது ரத்தக்குழாய்ல அடைப்பு வராம தடுக்குமாமே? யூடியூப்ல ஒருத்தர் ஆதாரத்தோட போட்டிருந்தாரு."

3) உண்மையைச் சொல்றேன். எனக்கு அந்தக் கேள்வி பிடிச்சிருந்தது. காலையில இருந்து சளி, காய்ச்சல், சுகர் மாத்திரைன்னு எழுதிட்டு இருந்தவனுக்கு ஒரு சுவாரசியமான கேள்வி.

"ஆமா தம்பி, உடம்பே தயாரிக்குது. ஆனந்தமைடுன்னு பேரு. நம்ம ஆனந்தம்தான்."

"அப்போ அடைப்பு மேட்டர்?"

"எலியில அப்படி ஒரு ஆராய்ச்சி வந்திருக்கு…"

அதுக்குள்ள பின்னாடி ஒரு பாட்டி சீட்டை நீட்டிட்டு உள்ள வந்துட்டாங்க. "அடுத்து வாங்கம்மா"ன்னுட்டேன். தம்பி சிரிச்சுக்கிட்டே போய்ட்டார். எனக்குத் தெரிஞ்சதைக் காட்டிக்கிட்ட சந்தோஷத்துல நானும் மறந்துட்டேன். அவர் எதுக்காக அதைக் கேட்டார்னு நான் கேக்கவே இல்ல.

4) சுமார் 11 மாசம் கழிச்சு, எனக்கு நைட் டியூட்டி. ராத்திரி பதினொண்ணேகாலுக்கு ரெண்டு பேர் தாங்கிப் பிடிச்சு ஒருத்தரைக் கூட்டிட்டு வந்தாங்க. சட்டை முழுக்க வேர்வை. நடு நெஞ்சுல கை. "கேஸா இருக்கும்னு சோடா குடிச்சோம் சார், கேக்கல."

இசிஜி எடுத்தோம். இதயத்தோட முன்பக்கச் சுவர்ல பெரிய மாரடைப்பு. அந்த இசிஜியைப் படிக்க எம்டி முடிச்சிருக்கணும்னு அவசியமே இல்ல, ஹவுஸ் சர்ஜனே சொல்லிடுவார். பேரைக் கேட்டுட்டு முகத்தைப் பாத்தேன். அதே தம்பி.

5) ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அடோர்வாஸ்டேட்டின் லோடிங் டோஸ் கொடுத்தோம். ரத்தக்கட்டியைக் கரைக்கற ஸ்ட்ரெப்டோகைனேஸ் 15 லட்சம் யூனிட் சொட்டு சொட்டா ஏறிட்டு இருந்தது. பக்கத்துலயே நின்னு மானிட்டரைப் பாத்துட்டே வழக்கமான கேள்விகளைக் கேட்டேன். சிகரெட்? "உண்டு சார்." குடி? "எப்பவாவது." வேற ஏதாவது?

கூட வந்தவங்களைப் பாத்தார். அவங்களை வெளியே அனுப்பினேன்.

"கஞ்சா சார். டெய்லி. வலி வர்றதுக்கு அரை மணி நேரம் முன்னாடி கூட…" கொஞ்சம் நிறுத்திட்டு, "நீங்கதானே சார் நல்லதுன்னு சொன்னீங்க?"

நான் அப்படிச் சொல்லல. ஆனா அவர் காதுல விழுந்தது அதுதான். அப்படி விழற மாதிரி நிறுத்தினது நான்.

6) சரி, மீதிப் பதிலுக்கு வருவோம். முதல்ல, அந்த வீடியோ சொன்னதுல எது உண்மை?

உடம்பு தனக்குத்தானே கஞ்சா மாதிரியான பொருளைத் தயாரிக்குதுங்கறது நூத்துக்கு நூறு உண்மை. 1964ல இஸ்ரேல்ல ராஃபேல் மெக்கூலம், யெஹியேல் கவோனின்னு ரெண்டு விஞ்ஞானிகள், கஞ்சாவுல போதை தர்ற டிஎச்சி மூலக்கூறைப் பிரிச்சு அதோட வடிவத்தைக் கண்டுபிடிச்சாங்க. 1990ல அந்த டிஎச்சி போய் உக்கார்ற 'பூட்டு' நம்ம செல்கள்ல இருக்கறது உறுதியாச்சு. அதுக்குப் பேரு சிபி1. 1993ல ரெண்டாவது பூட்டு, சிபி2.

7) இங்கதான் ஒரு கேள்வி. மனுஷ உடம்புல ஒரு செடிக்காக எதுக்குப் பூட்டு இருக்கணும்? பூட்டு இருந்தா, உடம்புக்குள்ளயே ஒரு சாவியும் இருந்தாகணும் இல்லையா?

தேடினாங்க. 1992ல பன்றியோட மூளையில இருந்து மெக்கூலம் குழு அந்தச் சாவியை எடுத்தாங்க. சம்ஸ்கிருத 'ஆனந்த'த்தை வெச்சு ஆனந்தமைடுன்னு பேர் வெச்சாங்க. 1995ல ரெண்டாவது சாவி, 2-ஏஜி. இந்த வகையை மொத்தமா எண்டோகன்னபினாய்டுன்னு சொல்றோம். உள்ளிருந்தே வர்ற கஞ்சாப் பொருள்னு வெச்சுக்கங்க.

8) இப்போ ரத்தக்குழாய். நிறைய பேர் அடைப்புன்னா, கிச்சன் சிங்க் குழாய்ல எண்ணெய் படியற மாதிரி நினைச்சுட்டு இருக்கோம். அப்படி இல்ல.

ரத்தக்குழாயோட உள்பக்கம் ஒரே ஒரு செல் கனத்துல ஒரு மெல்லிய படலம் இருக்கு. எண்டோதீலியம். சிகரெட், பிபி, சுகர், கெட்ட கொழுப்பு எல்லாம் இந்தப் படலத்தை உரசி உரசிப் புண்படுத்தும். புண்பட்ட இடத்துல கொழுப்பு சுவருக்குள்ள நுழையும். அதைத் தின்னு தீர்க்க வெள்ளை அணுக்கள் உள்ள போகும். தின்ன கொழுப்போட அதுங்களே அங்க மாட்டிக்கும். மாட்டிக்கிட்டு இன்னும் ஆள் கூப்பிடும். அந்த இடமே கலவர பூமி ஆயிடும். இதுக்குப் பேருதான் அழற்சி, இன்ஃப்ளமேஷன். கடைசியில ஒருநாள் அந்தக் கொழுப்புக் கட்டியோட மூடி கிழியும். கிழிஞ்ச இடத்துல ரத்தம் உறையும். குழாய் அடைக்கும். அந்த நிமிஷத்தைத்தான் மாரடைப்புங்கறோம்.

9) அழற்சிக்கு இதுல இவ்வளவு பங்கு இருக்குங்கறது சும்மா தியரி இல்ல. ஏற்கனவே மாரடைப்பு வந்த 10,000க்கும் மேற்பட்டவங்ககிட்ட நடந்த ஆய்வு 2017ல வெளியாச்சு. கனாகினுமாப்னு ஒரு ஊசி. கொலஸ்ட்ராலைத் தொடாது, அழற்சியை மட்டும் குறைக்கும். அதுக்கே திரும்ப மாரடைப்பு வர்றது குறைஞ்சது. ஆனா அந்த ஊசி போட்டவங்ககிட்ட உயிரைப் பறிக்கற தொற்று கொஞ்சம் கூடுச்சு. ஏன்னா அழற்சிங்கறது நம்ம எதிரி கிடையாது, அது நம்ம போலீஸ். முழுசா லீவு கொடுக்கவும் முடியாது, தெருவுக்குத் தெரு தடியடி நடத்த விடவும் முடியாது.

10) அந்தப் போலீஸுக்கு உடம்பு வெச்சிருக்கற பல கன்ட்ரோல்கள்ல ஒண்ணுதான் எண்டோகன்னபினாய்டு. ஆனா இதுல ரெண்டு பூட்டும் ரெண்டு வேலை செய்யுது.

சிபி2 பெரும்பாலும் வெள்ளை அணுக்கள் மேல இருக்கு. அதைத் திறந்தா "கூட்டம் போதும், கலைஞ்சு போ"ன்னு ஆர்டர். வெள்ளை அணு குழாய்ச் சுவருக்குள்ள நுழையறது குறையும்.

சிபி1 மூளையில ஏகப்பட்டது இருக்கு. ரத்தக்குழாய்ச் சுவர்லயும், இதயத்துலயும் கூட இருக்கு. குழாய்ல அதைத் தொடர்ந்து திறந்து வெச்சா நேர்மாறான ஆர்டர். படலத்து செல்கள் கோவப்படும், கூட்டம் கூடும்.

ஒரே சாவி, ரெண்டு பூட்டு. ஒண்ணு தீயை அணைக்குது, இன்னொண்ணு ஊதி விடுது.

11) அப்போ நம்ம உடம்பு எப்படி சமாளிக்குது? இதுதான் நான் அன்னிக்கு சொல்லாம விட்ட பாதி.

உடம்பு இந்த ஆனந்தமைடை ஸ்டாக் வெச்சுக்கறதில்ல. நம்ம அம்மா ரசத்துக்கு மிளகு அப்பப்போ இடிக்கற மாதிரி. எந்த இடத்துல தேவையோ அந்த செல், தன்னோட சவ்வுல இருக்கற கொழுப்புல இருந்து அந்த நேரத்துக்கு, அந்த அளவுக்கு மட்டும் செய்யும். வேலை முடிஞ்ச சில நிமிஷத்துல என்சைம் வந்து உடைச்சுப் போட்டுடும். இடம், அளவு, நேரம் மூணுமே கணக்கு.

12) உடைக்கறதுலயும் ஒரு சங்கதி இருக்கு. 2-ஏஜி உடைஞ்சா அராக்கிடோனிக் அமிலம் கிடைக்கும். அழற்சியைத் தூண்டற ப்ராஸ்டாகிளாண்டினுக்கு அதுதான் மூலப்பொருள். அதாவது அணைக்கற தண்ணியை உடைச்சா எரியற எண்ணெய் கிடைக்கற மாதிரி. அதனால "உடம்புல இது அதிகமா இருந்தா நல்லது"ன்னு ஒரே வரியில சொல்லவே முடியாது. இதய ரத்தக்குழாய் நோய் இருக்கறவங்க ரத்தத்துல ஆனந்தமைடும் 2-ஏஜியும் அதிகமாவே இருக்குன்னு ஜப்பான்ல பாத்திருக்காங்க. அது காப்பாத்த வந்ததா, கெடுக்க வந்ததாங்கறது அந்த அளவை மட்டும் வெச்சு முடிவாகாது.

13) இப்போ கஞ்சா புகைக்கறதை இதோட வெச்சுப் பாருங்க. டிஎச்சி ஒரு கள்ளச்சாவி. ஒரே நேரத்துல தலையில இருந்து கால் வரைக்கும் எல்லா பூட்டுலயும் போய் உக்காரும். சில நிமிஷத்துல உடைக்க முடியாது. தினமும் புகைக்கறவங்க கொழுப்புல சேர்ந்து, வாரக்கணக்குல மெதுவா வெளியேறும். இடம் தப்பு, அளவு தப்பு, நேரம் தப்பு. அது போக இதயத் துடிப்பு எகிறும், இதயத்துக்கு ஆக்சிஜன் தேவை கூடும். அதே நேரம் புகையில வர்ற கார்பன் மோனாக்சைடு, ரத்தம் கொண்டுவர்ற ஆக்சிஜனைக் குறைக்கும். செலவு கூடி வரவு குறைஞ்சா வீடு என்னாகும்?

14) சரி, அந்த வீடியோக்காரர் காட்டின 'ஆதாரம்'? அதுவும் இருக்கு. 2005ல நேச்சர் இதழ்ல வந்தது. ரத்தக்குழாய் அடைப்பு வர்ற மாதிரி வளர்க்கப்பட்ட எலிகளுக்கு டிஎச்சியை ரொம்பக் குறைஞ்ச டோஸ்ல, வாய் வழியா கொடுத்தாங்க. அடைப்பு வளர்றது மட்டுப்பட்டது. சிபி2 பூட்டை மருந்து வெச்சு அடைச்சதும் அந்தப் பலன் காணாமப் போச்சு. அழகான ஆய்வு. ஆனா எலி. வாய் வழி. ஒரு குறுகலான டோஸ். இந்த மூணையும் கத்தரிச்சுட்டு "கஞ்சா இதயத்துக்கு நல்லது"ன்னு தலைப்பு வெச்சா அது ஆதாரம் இல்ல, வியாபாரம்.

15) 2022ல செல் இதழ்ல ஸ்டான்ஃபோர்டு குழு ஒண்ணு நேரெதிரா காட்டினாங்க. மனுஷ செல்கள்ல இருந்து வளர்த்த ரத்தக்குழாய்ப் படலத்துல டிஎச்சியை விட்டாங்க. சிபி1 வழியா அழற்சி கூடுச்சு. எலிக்கு தினம் ஒரு கஞ்சா சிகரெட்டுக்கு ஈடான அளவு கொடுத்தாங்க. கொழுப்புக் கட்டி பெருசாச்சு. பிரிட்டன்ல லட்சக்கணக்கானவங்களோட உடல்நலத் தகவல் திரட்டின யுகே பயோபேங்க்ல தேடினாங்க. மாசத்துக்கு ஒரு தடவைக்கு மேல கஞ்சா புகைக்கறவங்களுக்கு மாரடைப்பு அதிகம். 50 வயசுக்கு முன்னாடியே வர்றதும் அதிகம்.

அதே மூலக்கூறு, ரெண்டு எலி ஆய்வு, ரெண்டு எதிர் முடிவு. பூட்டு ரெண்டுங்கறதை மறக்காம இருந்தா இதுல குழப்பமே இல்ல. எந்த பூட்டு எவ்வளவு திறக்குதுங்கறதைப் பொறுத்து கதை மாறும்.

16) "அப்போ சிபி1ஐ அடைச்சுட்டா முடிஞ்சதே?"ன்னு கேப்பீங்க. கேட்டாங்க, செஞ்சும் பாத்தாங்க. ரிமோனபான்ட்னு ஒரு மாத்திரை. 2006ல ஐரோப்பாவுல எடை குறைக்க அனுமதி கிடைச்சது. எடையும் குறைஞ்சது. ஆனா சிபி1 மூளையிலயும் இருக்கே? ஆனந்தத்துக்கான பூட்டை அடைச்சா ஆனந்தமும் போகும். மன அழுத்தம், தற்கொலை எண்ணம்னு புகார் குவிஞ்சு, 2008லயே சந்தையில இருந்து எடுத்துட்டாங்க.

சரி, ஆனந்தமைடை உடைக்கற என்சைமைத் தடுத்தா? 2016 ஜனவரியில பிரான்ஸ்ல ரென் நகரத்துல அந்த மாதிரி ஒரு மருந்தை ஆரோக்கியமானவங்ககிட்ட சோதிச்சாங்க. ஒருத்தர் இறந்துட்டார், இன்னும் சிலர் மூளை பாதிப்போட ஆஸ்பத்திரியில படுத்தாங்க. என்சைமைத் தடுக்கற மத்த மருந்துகள்ல இப்படி நடக்கல, அந்த மருந்தோட தனிக்கோளாறா இருக்கலாம். ஆனா பெரிய பெரிய லேப் வெச்சிருக்கறவங்களே இவ்வளவு தடுமாறற ஒரு சிஸ்டத்துல, நாம ஒரு பொட்டலத்தை வாங்கி விளையாடறோம்.

17) அந்த ஸ்டான்ஃபோர்டு ஆய்வுல ஒரு நல்ல செய்தியும் உண்டு. சோயாவுல இருக்கற ஜெனிஸ்டீன்ங்கற பொருள், மூளைக்குள்ள அதிகம் போகாம, ரத்தக்குழாய்ல சிபி1ஐ அடைச்சு டிஎச்சியோட கெடுதலைத் தடுத்தது. செல்லுலயும் எலியிலயும்தான். அதனால "மீல் மேக்கர் சாப்பிட்டுட்டு அடிக்கலாமா டாக்டர்"னு கமெண்ட்ல கேக்காதீங்க. பதில்: கூடாது.

18) இப்போ நேர்மையா ஒண்ணு சொல்லணும். அந்தத் தம்பிக்கு மாரடைப்பு கஞ்சாவாலதான் வந்ததுன்னு என்னால நிரூபிக்க முடியாது. சிகரெட் இருந்தது. அவங்கப்பாவுக்கு 48 வயசுல அட்டாக் வந்திருக்கு. எல்லாம் சேர்ந்துதான் ஒரு கட்டியைக் கிழிக்குது.

ஆனா 2001ல வெளியான ஒரு ஆய்வுக்காக அமெரிக்காவுல மாரடைப்பு வந்த 3,882 பேரை விசாரிச்சதுல, கஞ்சா புகைச்ச முதல் ஒரு மணி நேரத்துல ஆபத்து சுமார் 4.8 மடங்குன்னு கணக்கு வந்தது. அந்த ஒரு மணி நேரத்துக்குள்ள புகைச்சிருந்தவங்க 9 பேர்தான், சின்ன எண்ணிக்கை. அதனால நான் அதை வேதவாக்கா எடுத்துக்கல. ஆனா "அரை மணி நேரம் முன்னாடி"ன்னு ஒருத்தர் என் முன்னாடி படுத்துட்டுச் சொல்லும்போது அந்த எண் ஞாபகத்துக்கு வராம இருக்குமா?

19) தம்பி பிழைச்சுட்டார். ஸ்ட்ரெப்டோகைனேஸ் ஏறி முடிஞ்சு வலி குறைஞ்சதும் 108ல மெடிக்கல் காலேஜுக்கு அனுப்பினோம். ஆஞ்சியோ பண்ணி, முதலமைச்சர் காப்பீட்டுல ஸ்டென்ட் வெச்சாங்க. ஆனா அடைச்சிருந்த அந்த நேரத்துல செத்துப்போன தசை திரும்பி வராது. நார்மலா 55 சதவீதத்துக்கு மேல இருக்க வேண்டிய பம்பிங், அவருக்கு 35. மூட்டை தூக்கக் கூடாதுன்னு எழுதிக் கொடுத்துட்டாங்க. 27 வயசுல.

20) போன மாசம் பிபி மாத்திரை வாங்க ஓபிக்கு வந்தார், அம்மாவோட. ரெண்டு மூணு சீட்டு நின்னாலும் பரவால்லன்னு உக்கார வெச்சு, மேல எழுதின எல்லாத்தையும் சொன்னேன். "அன்னிக்கு நான் முழுசா சொல்லியிருக்கணும் தம்பி. தப்பு என்மேல"ன்னேன்.

அவங்கம்மா "நீங்க என்னய்யா பண்ணுவீங்க, வெளிய அவ்ளோ கூட்டம் நிக்குது"ன்னாங்க. அந்தச் சமாதானத்தை என்னால ஏத்துக்க முடியல. கூட்டம் உண்மைதான். ஆனா "நீ ஏன் தம்பி கேக்கற?"ன்னு ஒரு வார்த்தை கேக்க பத்து செகண்ட் போதும்.

21) தம்பி கேட்டார்: "கஞ்சாவை விட்டு ரெண்டு மாசம் ஆச்சு சார். ஆரம்பத்துல தூக்கமே இல்ல, எதுலயும் சந்தோஷமே இல்ல. அந்த ஆனந்தமைடு இனிமே எனக்குச் சுரக்காதா?"

சுரக்கும். தினமும் கள்ளச்சாவி போட்டுத் திருகினதால மூளை தன்னோட சிபி1 பூட்டுல கொஞ்சத்தைக் கழட்டி வெச்சிரும். அதனாலதான் விட்ட புதுசுல எல்லாமே சப்புன்னு இருக்கும். ஆனா தினமும் புகைச்சவங்க நிறுத்தின சுமார் நாலு வாரத்துல மூளையோட பெரும்பாலான பகுதிகள்ல பூட்டுகள் பழைய அளவுக்குத் திரும்பறதை ஸ்கேன்லயே பாத்திருக்காங்க. இன்னொண்ணு, மிதமான உடற்பயிற்சிக்கு அப்புறம் ரத்தத்துல ஆனந்தமைடு கூடும். இதய டாக்டர் அனுமதிச்ச அளவுக்கு தினமும் நடங்கன்னேன். இப்போ ஏரிக்கரையில 20 நிமிஷம் நடக்கறாராம்.

22) கடைசியா, படிக்கறவங்களுக்கு மூணு விஷயம்.

வயசு 25ஆ இருந்தாலும் நெஞ்சு நடுவுல அழுத்தம், வேர்வை, இடது கை இல்ல தாடைக்குப் பரவற வலின்னா சோடா குடிச்சு நேரம் போக்காதீங்க. பக்கத்துல இருக்கற ஆஸ்பத்திரியில உடனே ஒரு இசிஜி.

டாக்டர்கிட்ட கஞ்சா பழக்கத்தை மறைக்காதீங்க. நாங்க போலீஸ் இல்ல. பழக்கத்துல இருந்து மீள தானா முன்வந்து அரசு ஆஸ்பத்திரியில சிகிச்சை எடுக்கறவங்களுக்கு போதைப்பொருள் சட்டம் 64ஏ பிரிவுல பாதுகாப்பே இருக்கு. மெடிக்கல் காலேஜ் மனநலப் பிரிவுல சிகிச்சை இலவசம். பேச மட்டும் ஒரு ஆள் வேணும்னாலும் 14416க்கு கூப்பிடுங்க, தமிழ்லயே பேசுவாங்க.

மூணாவது, "நம்ம உடம்புலயே இருக்கு, அதனால நல்லது"ன்னு யாராவது சொன்னா ஒரு எதிர்க்கேள்வி கேளுங்க. இன்சுலினும் நம்ம உடம்புலயே இருக்கு. சுகர் இல்லாத ஒருத்தருக்கு ஒரு சிரிஞ்ச் முழுக்கப் போட்டா என்ன ஆகும்?

23) என்னை மாதிரி ஓபி பாக்கற தம்பி தங்கச்சி டாக்டர்களுக்கு ஒரு வரி. கதவு வரைக்கும் போய்ட்டுத் திரும்பி வந்து ஒருத்தர் கேக்கற கேள்விதான் பெரும்பாலும் அவர் வந்த காரணம். முதுகுவலி சும்மா சீட்டுல எழுதறதுக்கு. எனக்கு அது தெரிய ஒருத்தரோட இதயத்துல பாதி போக வேண்டியிருந்தது. உங்களுக்கு இந்தப் பதிவோட போகட்டும்.